மேல்காற்றும் ரேஸ் ஹேண்டிலும்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் மேல்காற்றுக்கு ஓய்வில்லை. காலையில் எங்கள் புதுக்கோட்டைக் கிராமத்திலிருந்து கிழக்கே தூத்துக்குடிக்குச் சைக்கிளில் கிளம்பினால் முதுகில் கைவைத்துத் தள்ளும். மிதிக்க மறந்தாலும் கடல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும். சாயங்காலம் வீடு திரும்பும்போது அதே கை நெஞ்சில் இருக்கும்.

நானும் மனைவியும் ஒன்றாகத்தான் திரும்புவோம். எனக்குத் துறைமுகத்துச் சரக்கு ஏஜென்சி ஒன்றில் வேலை. அவளுக்குத் தூத்துக்குடி ஊருக்குள் ஒரு ஜவுளிக்கடையில். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆளுக்கொரு செல்போன். எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்செல்லாம் அந்த ஒரு மணி நேரச் சாலையில்தான். நான் முன்னால், அவள் பின்னால். நான் சொல்வதைக் காற்றே அவளிடம் சேர்த்துவிடும். அவள்தான் கத்த வேண்டும். கடை முதலாளியைப் பற்றிய புகார், மகளின் கல்லூரி, சொந்தக்காரர் வீட்டுச் சண்டை எல்லாம் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உரக்கப் பேசப்படும்.

போன ஆடியில் என் ஹேண்டில்பார் விரிசல் விட்டது. மாற்றப் போன சைக்கிள் கடையில் இரண்டு தொங்கின. ஒன்று நிமிர்ந்து உட்காரும் சாதா ஹேண்டில், இன்னொன்று கீழே வளைந்த ரேஸ் ஹேண்டில். நான் வளைந்ததைத் தொட்டதும் கடைக்காரர் சிரித்தார்.

“ஒமக்கு எதுக்குவே இது? நிமிந்து போனா நாலு மனுசனப் பாக்கலாம். குனிஞ்சு போனா வீலத்தான் பாக்கணும்.”

“காத்துக்கு அண்ணாச்சி, காத்துக்கு” என்றேன்.

அன்று சாயங்காலம் குனிந்தேன். இத்தனை வருடம் என்னை மல்லுக்கு இழுத்த காற்று, ஆள் தெரியாமல் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. உடைமரங்கள் பின்னால் ஓடின. ஐம்பதை நெருங்கும் உடம்பில் எங்கோ ஒரு குதிரை கண்விழித்தது. சாலை தீர்ந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

மூன்றாம் நாள்தான் பின்னால் சத்தமில்லை என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். வெகுதூரத்தில் அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். நின்றேன். பக்கத்தில் வந்தபோது முகமெல்லாம் புழுதி, கண் சிவந்திருந்தது.

“அடுத்த வாரத்துலேருந்து நான் பஸ்ல வந்திருதேன்.”

“ஏன், முழங்கால் வலிக்கா?”

“முழங்காலுக்கு என்ன? முன்னால ஒரு முதுகு இருந்துச்சு, அத எங்க கொண்டுபோட்டிய? ஒங்க தலைக்கு மேல வார காத்து பூரா எம் மூஞ்சில அடிக்கி.”

நான் விழித்தேன். மெதுவாக மிதிப்பவள் என்பதால் பின்னால் வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

“என்ன முழிக்கிய? இத்தன வருசமும் பாசத்துலயா பின்னால வந்தேன்? காத்துக்கு மறைவா இருந்துச்சு, வந்தேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் அவள் தனியாக நிற்பதும், இந்தச் சாலையில் நான் ஊமையாக வேகமாகப் போவதும் கண்முன் வந்தன.

மறுநாள் மதியமே சாதா ஹேண்டிலை மாட்டினேன். கடைக்காரர் காரணம் கேட்டார். இடுப்பு வலி என்றேன்.

சாயங்காலம் அவளுடைய கடை வாசலில் போய் நின்றேன். அவள் ஹேண்டிலைப் பார்த்தாள். தன் சைக்கிளை எடுத்தாள். ஊரைத் தாண்டியதும் காற்று மொத்தமாக வந்து நெஞ்சில் விழுந்தது. தொடை எரிந்தது. பல்லில் மண் கடிபட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து தோளை இன்னும் கொஞ்சம் அகட்டினேன்.

“இங்கேருங்க” என்று பின்னாலிருந்து கத்தினாள். “கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கிப் போங்க, காத்து சாஞ்சு அடிக்கி.”

ஒதுங்கினேன்.