சித்தி எடைக்கு நான்

என் சித்தப்பாவோடு குடித்தனம் நடத்த சித்தியால் மட்டுமல்ல, யாராலும் முடியாது. யாரோ கழித்துக்கட்டிய காரின் எஞ்சினை வாங்கிவந்து, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வாசலிலேயே இரண்டு சீட்டு பந்தயக் கார் ஒன்றைக் கட்டினார் அந்த மனுஷன். கூரை கிடையாது. நாலு பேர் சேர்ந்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம், அவ்வளவு லேசு.

அதில் சித்தியை முதன்முதலாக ஏற்றிக்கொண்டு போனார். வத்தலக்குண்டு ரோட்டில் கார் இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போய்த் தென்னந்தோப்பு வாய்க்காலில் இறங்கிவிட்டது. சித்தி சேற்றுச் சேலையோடு பஸ் ஏறிச் சிறுமலைக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "என் உசிரப் பத்தி நெனப்பில்லாத மனுசனோட நான் எதுக்கு இருக்கணும்?" என்று போனில் கேட்டாளாம்.

"அந்தத் தகரத்த வித்துட்டுப் போயி அவ கால்ல விழுடா" என்றார் அப்பா. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இவரோ, முன்சக்கர அலைன்மென்ட்தான் கோளாறு என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அலைன்மென்ட் பார்க்கும் கடைக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். கார் தரையோடு தரையாகக் கிடந்ததால் அவர்கள் மேடையில் ஏறவில்லை.

அம்மா பூக்கட்ட வைத்திருந்த நூலை எடுத்துச் சித்தப்பாவே காரின் இரண்டு பக்கமும் விறைப்பாகக் கட்டினார். நூலுக்கும் சக்கரத்தின் முன்விளிம்புக்கும் எவ்வளவு, பின்விளிம்புக்கு எவ்வளவு என்று ஸ்கேலை வைத்துப் பார்ப்பார். ஒரு நட்டைத் திருகுவார். மறுபடி பார்ப்பார். லேசான கார் என்பதால் ஆள் ஏறினாலே அளவு மாறிவிடுமாம். அவர் சீட்டில் சிமெண்ட் மூட்டை. பக்கத்துச் சீட்டில் நான். சித்தி எடைக்கு நான் பத்தவில்லை என்று மடியில் ஓர் அரிசிச் சிப்பம் வேறு!

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக்கூட என்னை விடவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. தொடை மரத்துவிட்டது. மூக்கைச் சொறிந்தால்கூட "ஆடாத அப்பு, செத்த நேரம்" என்பார். அந்தச் செத்த நேரம் சாயங்காலம்வரை நீண்டது. முதல் சவாரி எனக்குத்தான் என்ற நினைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

முடிந்தது. தெருமுனைவரை ஓட்டிப்போய் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார், கார் நூல் பிடித்தாற்போல் போனது. திரும்பி வந்து என்னை இறக்கிவிட்டார். முகம் கழுவி, கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாக ஏறி உட்கார்ந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

"சித்தப்பா, பக்கத்துல ஆள் இல்லாட்டி அளவு தப்பாயிருமே!" என்று கத்தினேன்.

"போறப்ப தப்பாத்தான் இருக்கும். வாரப்ப சரியாயிரும்லே" என்று சொல்லிவிட்டு மலைப்பக்கம் போயே போய்விட்டார்.

நாள் முழுக்க என்னை வதைத்துவிட்டு, கடைசியில் தப்பான அளவோடு கிளம்புகிறாரே, இவரெல்லாம் என்ன மெக்கானிக் என்று அடுப்படியில் போய்ப் பொரிந்து தள்ளினேன். அம்மா அரிசிப் பானையைத் திறந்தாள். உலையில் இன்னும் ஒரு ஆளுக்கு அரிசி சேர்த்துப் போட்டாள். இந்த வீட்டில் ஒருத்தருக்கும் கணக்குத் தெரியவில்லை என்று எனக்கு ஒரே எரிச்சல்.