முப்பத்தாறோடு முடிந்த கதை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். தனம்மா போன் செய்தார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, விற்பவர். வியாபார நேரத்தில் யாருக்கும் போன் செய்கிறவர் இல்லை.

"சுமதி, எஸ்தரு போயிடுச்சும்மா. கெடார் வூட்டுல வச்சிருக்காங்களாம். ஜல்தியா கிளம்பி வா" என்றார்.

"சரிம்மா" என்று சொல்லி போனை வைத்தேன். இன்னும் இரண்டு சான்றிதழ்களுக்கு முத்திரை குத்தினேன். மூன்றாவதில் தலைகீழாகக் குத்தியபோதுதான் என்ன கேட்டேன் என்பது உறைத்தது.

எஸ்தர் மேரி அவர்கள் திண்டிவனத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். வயது ஐம்பத்து மூன்று. கெடாரில் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவர். தினமும் கெடாரிலிருந்து பஸ்ஸில் விழுப்புரம், அங்கிருந்து காலைப் பாசஞ்சரில் திண்டிவனம். அவர் ஊசி குத்தினால் வலிக்காது என்று ஊரில் பேச்சு. "ரிசல்ட் எப்படிங்க இருக்கு?" என்று யார் கேட்டாலும் கவரை ஒட்டிக் கொடுத்து, "டாக்டர்கிட்ட காட்டுங்க, சொல்வாரு" என்று சிரிப்பார். நல்ல ரிசல்ட்டுக்கும் அதே சிரிப்பு, கெட்ட ரிசல்ட்டுக்கும் அதே சிரிப்பு. அந்த முகத்தைப் பார்த்து ஒருவரும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. நானும் கண்டுபிடிக்கவில்லை.

அவரைத் திண்டிவனத்தில் பலருக்கும் ஊசியோடு தெரியும். எனக்குச் சீன நாடகத்தோடு தெரியும். ராஜா, தளபதி, நீளக் கூந்தல், பட்டு அங்கி என்று அந்தக் காலத்துக் கதைகளைத் தமிழில் பேசவைத்து போனில் காட்டுகிறார்களே, அவைதான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ரயிலிலும் எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு.

ஆறு வருடத்துக்கு முன்னால் நான் கணவர் வீட்டைவிட்டு விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தால் சோற்றுத் தட்டை விசிறி அடிப்பார். அப்புறம் அது தட்டோடு நிற்கவில்லை. வேலை மட்டும் திண்டிவனத்திலேயே இருந்ததால் பாசஞ்சரில் போய்வர ஆரம்பித்தேன். முதல் வாரம் முழுக்கப் பெண்கள் பெட்டியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஐந்தாம் நாள் எதிர் சீட்டில் இருந்த அம்மாள் நகர்ந்து இடம் விட்டார்.

"இப்டி வந்து குந்துமா. அழுவறதுன்னா இதப் பாத்து அழுவு. இதுலயாவது ஒரு நியாயம் இருக்கும்."

அப்படித்தான் எஸ்தர் அக்கா எனக்குக் கிடைத்தார். தனம்மாவின் மல்லாட்டைக் கூடை கீழே இருக்கும். அதன்மேல் ஈரத்துணி, துணிமேல் டிபன் பாக்ஸ், டிபன் பாக்ஸில் சாய்த்து அக்காவின் போன். என்னோடு சேர்த்து நாலு பேர். நாலாவது ஆள் பரிமளா டீச்சர், கணவரை இழந்தவர். விழுப்புரத்தில் வண்டி கிளம்பும்போது எபிசோடு தொடங்கும், திண்டிவனம் வரும்போது முடியும். மயிலம் தாண்டி வண்டி நின்றுவிட்டால் எல்லாரும் வண்டியைத் திட்டுவார்கள், நாங்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்வோம்.

அந்த நாடகங்களின் சீனப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாது. 'வைத்தியக்காரி கதை', 'குருட்டு இளவரசன் கதை' என்று நாங்களே பெயர் வைத்துக்கொள்வோம். லேபில் வைஃபை உண்டு. அதனால் டவுன்லோடு செய்து வருவது அக்காவின் பொறுப்பு. எதைப் பார்ப்பது, எத்தனை எபிசோடு, எல்லாம் அவர் சொல்வதுதான்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. கதை பாதி தாண்டியதும் ஒருநாள் முதல் எபிசோடை மறுபடி போட்டு, கதாநாயகன் நடந்து வருகிற இடத்தை மட்டும் காட்டுவார். உடனே அன்றைய எபிசோடில் அவன் நடப்பதைக் காட்டுவார். "ரத்தத்த ஒரு தடவ பாத்தா ஒண்ணும் தெரியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். ஏறியிருக்கா, எறங்கியிருக்கான்னு அப்பதான் தெரியும். ஆளும் அப்டித்தான்" என்பார். காதல் என்றால் ஆள் மாற வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். முதல் எபிசோடில் இருந்தவனே கடைசி வரைக்கும் இருந்தால், எத்தனை பாட்டுப் பாடினாலும் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். "சீனாக்காரன் கையப் புடிக்கவே இருபது எபிசோடு ஆக்கறான். நம்மூருல கையப் புடிச்சப்புறம்தான் பேரையே கேக்கறானுங்க" என்று அவர் சொல்லும்போது பரிமளா டீச்சருக்கே சிரிப்பு வந்துவிடும்.

நீங்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "பாக்க வந்தவங்க எல்லாம் முதல் எபிசோடுலயே நின்னுட்டாங்கம்மா" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்க விடவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் வருவதற்கு முன்னால் அவர்கள் முதன்முதலாகப் பார்த்த கதையில் கடைசி எபிசோடில் கதாநாயகி செத்துப்போனாள். பரிமளா டீச்சர் அதைப் பார்த்து அழ ஆரம்பித்து, வகுப்புக்குப் போக முடியாமல் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டாராம். அன்றிலிருந்து எந்தக் கதையானாலும் அக்கா கடைசி எபிசோடைத் தாம் முதலில் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்குக் காட்டுவார். "நல்லபடியா முடியுது, பயப்படாம பாருங்க" என்பார். நாங்களும் பயப்படாமல் பார்த்தோம். ஒரு கதைகூடக் கெட்டபடியாக முடியவே இல்லை. சீனாக்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று தனம்மா சொல்வார்.

தளபதி கதைக்கு வருகிறேன். ராஜா உத்தரவு போட்டதால் ஒரு தளபதி, வைத்தியரின் மகளைக் கட்டிக்கொள்கிறான். முகம் கொடுத்துப் பேசமாட்டான். அவள் வைத்த கஞ்சியைத் தொடமாட்டான். விஷ அம்பு பட்டு அவன் விழும்போது அவள்தான் காப்பாற்றுகிறாள். கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகம் இளகுகிறது. இருபத்து நாலாவது எபிசோடில் மழையில் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு வருவான். ஒரு வார்த்தை பேசமாட்டான். அக்கா அந்த இடத்தில் போனை நிறுத்தினார்.

"குடையப் பாக்காத. அவன் தோளப் பாரு. நனையுது. இவன் மாறிட்டான்" என்றார்.

அந்த ஐப்பசியில் ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போனேன். நல்ல மழை. வாசலில் என் வீட்டுக்காரர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. பிளாட்பாரம் வரைக்கும் என் தலைக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தேன். நனைந்திருந்தது.

யாரிடம் போய் இதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். எம்.காம். படித்தவள், ஒரு நனைந்த சட்டையைப் பார்த்துத் தன் வாழ்க்கையை முடிவு செய்தாள் என்றால் யார்தான் நம்புவார்கள். ஆனால் அதுதான் நடந்தது. மறுநாள் ரயிலில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தளபதி கதை அப்போது முப்பத்தைந்தில் இருந்தது.

"அக்கா, இவங்க கடைசியில இன்னா ஆவாங்க? நீங்க பாத்துட்டீங்க இல்ல?" என்று கேட்டேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். "முப்பத்தாறோட முடியுது. ரெண்டு பேரும் மலையில வூடு கட்டிகினு, வர்றவங்களுக்கு வைத்தியம் பாத்துகினு இருக்காங்க" என்றார். வழக்கமான அதே சிரிப்பு.

அடுத்த நாள் முப்பத்தாறு பார்த்தோம். தளபதி பதவியை விட்டுவிட்டு அவளோடு மலையேறிப் போகிறான். அத்தோடு போனை அணைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என் பெட்டியை எடுத்துக்கொண்டு திண்டிவனத்தில் அவர் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டேன். அதன்பிறகு பாசஞ்சரில் போக வேண்டிய வேலை எனக்கில்லை.

நாலு மாதம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

போன வருடம் புரட்டாசியில் தலைசுற்றல் என்று டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அக்காவின் லேபுக்குத்தான் போனேன். வலது கையை நீட்டச் சொன்னார். அதில் கட்டுப் போட்டிருந்தது. இடது கையை நீட்டினேன். அவர் எதையும் கேட்காமல் ஊசி குத்தினார். வலிக்கவில்லை. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே பேசினார்.

"சுமதி, அந்தத் தளபதி கதை முப்பத்தாறு இல்ல. நாப்பது."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ராஜா மறுபடி கூப்புடுறான். இவன் திரும்பிப் போயிடறான். முதல் எபிசோடுல எப்டி இருந்தானோ அதே ஆளு. அவள ஜெயில்ல போட்டுடறாங்க, அங்கயே செத்துடுறா. கடைசியில அவ சமாதிக்குக் குடை புடிச்சிகினு நிக்கறான். நான்தான் மலையில நிறுத்திட்டேன். எல்லாக் கதையும் அப்டித்தாம்மா நிறுத்திகினு இருந்தேன். நல்லது எங்க இருக்கோ அங்க நிறுத்திடுவேன்."

"நான் கேட்டப்ப சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"சொல்லியிருக்கணும். அன்னிக்கு உன் மூஞ்சி அப்டி இருந்துச்சு. எத்தினியோ பேருக்கு கவர ஒட்டிக் குடுத்த கை. உனக்கும் ஒட்டிக் குடுத்துட்டேன்." அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு நாடகத்தை நம்பிப் போனவள் நான். என் கணவரைத் தேர்ந்ததும் நான், திரும்பிப் போனதும் நான். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. வீட்டில் கோபப்பட முடியாது. அக்காவிடம் கோபப்பட்டால் ஒன்றும் ஆகாது, அவர் கை ஓங்கமாட்டார். ரிசல்ட்டைக்கூட நான் போய் வாங்கவில்லை, பியூனை அனுப்பினேன். எட்டு மாதம் நானாகப் போய்ப் பேசவில்லை.

நடுவில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்துவிட்டார். பாதியாக இளைத்திருந்தார். ரவிக்கை தோளில் தொளதொளவென்று இருந்தது.

"உடம்புக்கு இன்னா?" என்று முறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. ரத்தம் கொஞ்சம் கம்மி. மாத்திரை சாப்டுகினு இருக்கேன். சரியாயிடும்" என்று சிரித்தார்.

நான் நம்பினேன். கதையை எங்கே நிறுத்துவார் என்று தெரிந்த பிறகும் நம்பினேன். இரண்டாவது தடவை ஏமாந்ததற்கு யாரைக் குறை சொல்வது?

கெடார் வீட்டில் அவருடைய தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கவரைக் காட்டினார். அக்கா தம் ரத்தத்தைத் தாமே எடுத்து, தாமே பரிசோதித்து, மேல் பரிசோதனைக்கும் அனுப்பியிருக்கிறார். வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. "எங்களுக்கே போன மாசம்தாங்க தெரியும். அப்ப ஒண்ணும் பண்றதுக்கு இல்லன்னுட்டாங்க" என்று அழுதார். ரிப்போர்ட்டில் இருந்த தேதியைப் பார்த்தேன். என் இடது கையில் அவர் ஊசி குத்திய நாளுக்கு இரண்டு வாரம் முந்தியது. அன்று என் கதையின் முடிவைச் சொன்னவர் தம் கதையின் முடிவைத் தெரிந்துகொண்டுதான் என் எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பாதிரியார் ஜெபம் சொன்னார். நல்ல வெயில். கல்லறைத் தோட்டத்தில் ஒரு மரம் இல்லை. தலைக்குக் குடை பிடிக்கச் சொல்லி பரிமளா டீச்சர் சைகை காட்டினார். என் பையில் குடை இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை. மூன்று பிடி மண் போட்டேன். ஈரமில்லாத மண், பெட்டியில் விழுந்து சத்தம் போட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் தனம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தவர், "எனக்கு அந்தத் தளபதி கதைதாம்மா ரொம்பப் புடிக்கும். கடைசியில மலையில வூடு கட்டிகினு போயிடுவாங்களே" என்றார்.

"ஆமாம்மா. வாசல்ல மூலிகையெல்லாம் காயவச்சிருப்பாங்க" என்றேன்.

மூலிகையைச் சேர்த்தது நான். தனம்மா தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் அவரிடம் மல்லாட்டை வாங்கும் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் தயவுசெய்து அவரிடம் வாசித்துக் காட்ட வேண்டாம். என் வீட்டுக்காரர் எதையும் படிப்பதில்லை. அதனால் அந்தப் பக்கம் பயமில்லை.

வீடு வந்து சேரும்போது சாயங்காலம் ஆறு மணி. "செத்தது உனக்கு இன்னா ஒறவு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தப் பழைய குடை தொங்குகிறது. அந்த ஐப்பசி மழைக்கப்புறம் ஒருநாள்கூட அவர் அதை எனக்காக விரித்ததில்லை. அம்மா போன வருடம் போய்விட்டார். விழுப்புரம் வீட்டில் இப்போது அண்ணன் குடும்பம் இருக்கிறது. எனக்குப் போக இடமில்லை.

அக்கா காட்டாமல் விட்ட அந்த நாலு எபிசோடுகளையும் நான் இதுவரை தேடிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் குடியிருப்பது அவற்றில்தான்.

போய் வாருங்கள் அக்கா. நீங்கள் நிறுத்திய இடத்திலேயே கதைகள் நிற்கட்டும். என் கோபம் எப்போதோ போய்விட்டது. அதை உங்களிடம் வந்து சொல்ல எனக்கு எட்டு மாதம் இருந்தது.