பாவ்லியான் கூவிய செல்லாத சீட்டு

எங்கள் ஊரில் யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும், அதை முதலில் சொன்னது பாவ்லியானின் குரல்தான். பள்ளிக்கூடத்தில் அவள் எழுத்தர். வருகைப் பதிவு, மதியச் சாப்பாட்டுப் பட்டியல் என்று வருஷம் முழுக்க மாரடித்தாலும், ஊர் அவளை நினைவில் வைத்திருப்பது தேர்தல் நாளுக்காக மட்டுமே. மாலை நாலு மணிக்கு வாக்குப்பதிவு முடியும். உடனே வகுப்பறைக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்துவிடுவார்கள். ஊரே சுற்றி நின்று எட்டிப் பார்க்க, அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டி, "ரெண்டாம் நம்பர், ஒரு ஓட்டு!" என்று கூவுவாள். சுவரில் ஒட்டிய தாளில் இன்னொருவர் கோடு போடுவார். இருபத்து நாலு வருஷமாக இப்படித்தான். நடுவில் தண்ணீர் குடிக்க மாட்டாள், இருமவும் மாட்டாள். தோற்றவன்கூட, "அட போப்பா, லியான் அக்காவே சொல்லிட்டாங்க" என்று சண்டை போடாமல் வீட்டுக்குப் போய்விடுவான்.

தைவானின் தென்கோடியில், பிங்துங் கடற்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். இருக்கிறது என்று சொல்வதே கொஞ்சம் துணிச்சல்தான், ஏனென்றால் அது வருஷா வருஷம் தாழ்ந்துகொண்டு போகிறது. ரோட்டை மட்டும் மூன்று தடவை உயர்த்திவிட்டார்கள். பாவ்லியானின் அண்ணன் ஜின்ஷுய் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் பஸ்ஸின் சக்கரம்தான் தெரியும். யாரைக் குறை சொல்வது? களவா மீன் வளர்க்க நாற்பது வருஷம் நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சியவர்கள் நாங்கள். மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொண்டது. புயலுக்குப் புயல் உள்ளே வந்து, போகும்போது இடுகாட்டில் பாதியை எடுத்துக்கொண்டு போனது.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. ஒரு ஜூன் மாதம், எங்கள் மீனை வாங்கிவந்த எதிர்க்கரை நாடு, உங்கள் களவா மீனில் ஏதோ மருந்து இருக்கிறது, இனி வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. மருந்தும் இல்லை மண்ணும் இல்லை, எங்கள் அரசாங்கத்தின் மேல் இருந்த கோபத்தை மீனிடம் காட்டினார்கள் என்பதுதான் எங்கள் டீக்கடைத் தீர்ப்பு. விற்காத மீன் குளத்தில் வளர்ந்துகொண்டே போனது. அந்தச் சமயம் பார்த்து சோலார் கம்பெனி வந்து இறங்கியது. எங்கள் நாடு காற்றில் கலக்கும் கரியைக் குறைப்பதாக உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறதாம். வடக்கே கம்ப்யூட்டர் சில்லு செய்யும் ஆலைகளிடம் வெளிநாட்டுக்காரன் சுத்தமான மின்சாரத்தில் செய்ததுதான் வேண்டும் என்கிறானாம். ஆகவே குளங்களைத் தூர்த்துச் சோலார் தகடு போட வேண்டும். குளத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் பட்டணத்தில் இருந்தார்கள், உடனே சரி என்றார்கள். இறங்கி வேலை செய்த குத்தகைக்காரனை யாரும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷமாக ஒரே குளத்தில் குத்தகை இருந்த ஜின்ஷுயும் அதில் ஒருவர்.

கடல் ஏறுவதை நிறுத்தத்தான் இந்தத் தகடு என்று கம்பெனி ஆள் படம் போட்டுக் காட்டினான். "தம்பி, கடல் என்னை முழுங்குறதுக்கு முன்னாடி நீ முழுங்கணுங்கறே, அவ்வளவுதானே?" என்றார் ஜின்ஷுய். எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனி ஆள் சொன்னதிலும் பொய் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஊர்ச் சம்மதக் கடிதத்தில் ஊர்த்தலைவர் கையெழுத்து வேண்டும். அந்த நவம்பரில்தான் ஊர்த்தலைவர் தேர்தல். ஒன்றாம் நம்பர் வான்ஃபு, ஏற்கெனவே தலைவர், கையெழுத்துப் போடப் பேனாவோடு திரிந்தவர். இரண்டாம் நம்பர் ஷூசென், சிப்பிக்காரர் மகள். "குத்தகைக்காரன் சம்மதிக்காம ஒரு கம்பத்தைக்கூட ஊன்ற விடமாட்டேன்" என்றாள். ஆக, ஜின்ஷுயின் குளம் அந்த ஓட்டுப் பெட்டிக்குள் இருந்தது.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் கையெழுத்தைவிடப் பெயர் முத்திரைதான் முக்கியம். குத்தகைப் பத்திரம், வங்கி, பிள்ளை பிறந்த பதிவு, எல்லாவற்றிலும் குத்துவது அதைத்தான். ஓட்டுப் போட வரும்போதும் கொண்டுவர வேண்டும், பட்டியலில் பெயருக்கு நேரே குத்திவிட்டுத்தான் சீட்டு வாங்க வேண்டும். ஆனால் மறைப்புக்குள் போனபின் அங்கே வைத்திருக்கும் வட்ட அச்சுள்ள குச்சியால்தான் சீட்டில் குத்த வேண்டும். சொந்த முத்திரையைக் குத்தினால் சீட்டு செல்லாது. எத்தனை தடவை சொன்னாலும் தேர்தலுக்கு ஒருவராவது இந்தத் தப்பைச் செய்வார். ஆயுசு முழுக்க அப்படியே குத்திப் பழகிய கை, மறைப்புக்குள் போனதும் அதன் வேலையை அது பார்த்துவிடும்.

அன்று கூட்டம் ஜன்னல்களில் அப்பிக்கொண்டு நின்றது. எண்ணிக்கை சரிக்குச் சரியாகப் போனது. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், பாவ்லியானின் கைக்கு ஒரு சீட்டு வந்தது. இரண்டாம் நம்பர் கட்டத்தில் சிவப்பாக ஒரு சதுரம். எழுத்துகள் தேய்ந்து மொழுமொழுவென்று கிடந்தன. இடது கீழ்மூலை மட்டும் இல்லை.

அந்த மூலையை உடைத்தவளே அவள்தான். ஆறு வயதில், அண்ணன் பட்டாளத்துக்குப் போகுமுன் அப்பா அவருக்குச் செய்து கொடுத்த கொம்பு முத்திரையை எடுத்து நிலக்கடலை உடைத்து விளையாடியதில் போனது. முதுகில் இரண்டு வைத்துவிட்டு, "பரவால்ல விடு, இனிமே எவனும் என் முத்திரையத் திருட முடியாது" என்று சிரித்தவர் ஜின்ஷுய்.

மூன்றடி தள்ளி நிற்பவருக்கு அது வெறும் சிவப்பு. வட்டமா சதுரமா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? இருபத்து நாலு வருஷத்தில் அவள் கூவியதைத் திருப்பிப் பார்த்தவர் கிடையாது. ரெண்டாம் நம்பர் என்று ஒரு வார்த்தை போதும்.

"செல்லாது!" என்று கூவினாள். கண்காணிப்பாளர்கள் வந்து பார்த்து, யாரோ சொந்த முத்திரையைக் குத்திவிட்டார்கள், பெயர் தெரியவில்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். எண்ணி முடித்தபோது இருநூற்றுப் பதினாலுக்கு இருநூற்றுப் பதினாலு. சமமாக வந்தால் சட்டப்படி குலுக்கல். நாலு நாள் கழித்து நகர அலுவலகத்தில் குலுக்கினார்கள், வான்ஃபுவுக்கு விழுந்தது. புது வருஷம் பிறப்பதற்குள் ஜின்ஷுயின் குளத்தில் லாரி மண் கொட்டியது.

ஊருக்குத் தாங்கவில்லை. எந்த முட்டாள் சொந்த முத்திரையைக் குத்தியது? ஷூசென் ஆட்கள் வயிற்றெரிச்சலில் கேட்டார்கள், வான்ஃபு ஆட்கள் நக்கலாகக் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு, ஊருக்கே பெரியப்பாவான ஹாய்ஷானிடம் வந்து நின்றார்கள். அவருக்கு எண்பத்தாறு வயது, கை நடுங்கும், முத்திரையைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். போதாதா?

"என்ன பெரியப்பா, கழுத்துல தொங்குறது ஊரையே வித்துடுச்சு போல?"

"நான் குச்சியிலதான் குத்தினேன்டா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னே உங்களுக்கு ஞாபகம் இருக்காது!"

விளையாட்டுத்தான். எங்கள் ஊர் விளையாட்டு அப்படி, ஒருவனைப் பிடித்தால் விடாது. மார்க்கெட்டில் அவரைப் பார்த்தால் சின்னப் பயல்கள்கூட "செல்லாது!" என்று பாவ்லியான் குரலில் கூவினார்கள். அவள் குரலிலேயே! பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்துபோய் அந்த ஜன்னலைச் சாத்துவாள். வாயைத் திறந்து சொல்லிவிடலாம்தான். ஆனால் சீட்டு யாருடையது என்று வெளியே சொல்வது சட்டப்படி குற்றம். அதைவிட, அண்ணனின் குளத்தை அண்ணனே தொலைத்தார் என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? ஏற்கெனவே மனிதர் பாதி ஆளாகிவிட்டிருந்தார். மீனுக்குத் தீனி போடும் காலை நேரத்தில் வேலியோரம் போய், வெறுங்கையோடு தகடுகளைப் பார்த்து நிற்பார். தண்ணீரைக் கிளறும் சக்கரங்கள் நின்றுபோய் ஊரே ஓசையற்றுக் கிடந்தது. பாவ்லியானுக்கு மட்டும் பட்டப்பகலில், வருகைப் பதிவு எழுதும்போது அந்தச் சக்கரங்கள் சுற்றும் சத்தம் கேட்கும். தலையைத் தூக்கினால் நின்றுவிடும். இனி ஓட்டுக் கூவ வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஒருநாள் அண்ணன் வீட்டில் அவள் இருந்தபோது ஹாய்ஷான் பெரியப்பா வந்தார். கையில் ஒரு கூடை ஜம்பு பழம். படி இறங்கித்தான் அந்த வீட்டுக்குள் போக வேண்டும், மெல்ல இறங்கினார்.

"ஜின்ஷுய், எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குதுப்பா. ஆனா ஊரே சொல்லுதுன்னா நான்தான் செஞ்சிருப்பேன். உன் குளம் என்னாலதான் போச்சு. மன்னிச்சுடு."

ஜின்ஷுய் அவரையே பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கூடையை வாங்கிக்கொண்டார். "பரவால்ல பெரியப்பா. போய்ட்டு வாங்க."

பாவ்லியான் பக்கத்தில்தான் நின்றாள்.

அந்தக் கோடை முடிவதற்குள் பெரியப்பா போய்விட்டார். வயசுதான் காரணம் என்றார் டாக்டர். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில், வேலியோரமாக வந்தபோது, அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அந்தச் சீட்டு பெரியப்பாவோடது இல்ல."

"தெரியும்."

"அது உன்னோடது."

"தெரியும்னு சொல்றேன்ல."

அவள் நின்றுவிட்டாள். அவர் நிற்காமல் நடந்துகொண்டே பேசினார். "அன்னிக்கு நான் ஜன்னலோரமா நின்னுட்டிருந்தேன். நீ பாட்டுக்குக் கூவிட்டே வந்தே, திடீர்னு ஒரு மூச்சு வாங்கினே. இத்தனை வருஷத்துல நீ சீட்டுக்கு முன்னாடி மூச்சு வாங்கி நான் கேட்டதே இல்ல. அப்பதான் உள்ள என்ன பண்ணித் தொலைச்சேன்னு எனக்கு உறைச்சுது."

"தெரிஞ்சுக்கிட்டே அந்தப் பழத்த வாங்கினியா?"

"தெரிஞ்சுக்கிட்டே நீ பக்கத்துல நின்னியே. ரெண்டாம் நம்பர்னு ஒரு வார்த்த கூவியிருந்தா யாரு கேட்டிருப்பா?"

"அப்படிக் கூவியிருந்தா, அப்புறம் நான் சொல்றத எவன் நம்புவான்?"

"நம்பித்தான் அந்த மனுஷன ஏசினாங்க" என்றார் ஜின்ஷுய். இறந்தவருக்கு நூறாம் நாள் வரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவேயில்லை.

நூறாம் நாள் மதியம் பெரியப்பா வீட்டில் ஊர் கூடியது. படத்துக்கு முன்னால் பன்றிக்கறிக் குழம்பு, சேமியா வறுவல், பால்மீன் சூப் எல்லாம் வைத்தாயிற்று. இறந்தவர் சாப்பிட்டு முடித்தாரா என்று பிறை வடிவக் கட்டைகள் இரண்டை வீசிக் கேட்பது எங்கள் முறை. ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் ஆயிற்று என்று அர்த்தம். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. ஆயிற்று என்று வரும்வரை மேசையைத் தொடக்கூடாது.

மகள் மெய்யுன் வீசினாள். "அப்பா, சாப்பிட்டாச்சா?" இரண்டும் கவிழ்ந்தன. மறுபடி வீசினாள், மறுபடியும் கவிழ்ந்தன.

"அவருக்குத்தான் பல்லே கிடையாதே, மெதுவாத்தான் மெல்லுவார்" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. நாலாவது தடவை சிரிப்பு குறைந்தது. ஆறாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. மெய்யுன் கட்டைகளைப் பொறுக்கி எடுத்தாள்.

பாவ்லியான் எழுந்தாள். தேர்தல் நாளன்று நிற்பதுபோலவே நின்று, இந்தத் தடவை மூச்சு வாங்காமல் கூவினாள்.

"செல்லாத சீட்டு ஹாய்ஷான் பெரியப்பாவோடது இல்ல! அது பான் ஜின்ஷுயோடது! என் கண்ணால பாத்தேன்!"

வான்ஃபு இருந்தார், ஷூசென் இருந்தாள், பெரியப்பாவை ஏசிய அத்தனை பேரும் இருந்தார்கள். எல்லோரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். ஜின்ஷுய் மெல்ல எழுந்து, "ஆமா" என்றார்.

மெய்யுன் கத்துவாள் என்று நினைத்தோம். கத்தவில்லை. கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜின்ஷுயை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரியில கடைசி வாரம் அப்பா என்கிட்ட ஒண்ணத்தான் கேட்டுக்கிட்டே இருந்தார். நான் குடுத்த பழத்த ஜின்ஷுய் சாப்பிட்டானா, கீழ போட்டுட்டானான்னு. எனக்குத் தெரியாது, சாப்பிட்டிருப்பார்ப்பான்னு சொன்னேன். சாப்பிட்டீங்களா?"

ஜின்ஷுயின் உதடு கோணியது. "இல்லம்மா. ஒண்ணுகூட எனக்குத் தொண்டையில இறங்கல. எல்லாம் அழுகிப்போச்சு."

அவள் தலையாட்டிக்கொண்டாள். படத்தின் பக்கம் திரும்பி, கட்டைகளை நெற்றிக்கு உயர்த்தி, "அப்பா, சாப்பிட்டாச்சா?" என்று இன்னொரு தடவை வீசினாள். இரண்டும் கவிழ்ந்தே விழுந்தன.