விளக்குக் கேசும் தேங்காய்க் கேசும்

வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட்டில் நியாயம் இருந்தது என்று யாராவது என் முன்னால் பெருமை பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூந்தமல்லிக் கோர்ட்டு வாசலில் மாட்டைக் கட்டிவிட்டுக் காத்துக்கிடந்தவன் நான். அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

திருமழிசையிலிருந்து பட்டணத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டிக்காரர்கள் நாங்கள். அண்ணனுக்கு ஒரு வண்டி, எனக்கு ஒரு வண்டி. இருட்டோடு புறப்படுவதால் வண்டியில் விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். எரியத்தான் செய்தது. ஆனால் ஸ்டேஷனுக்குக் கேஸ் வேண்டுமே! மேலதிகாரி பார்வையிட வரும்போது கேஸ் குறைந்திருந்தால் ஏட்டுக்குத் திட்டு விழும். ஆகவே விளக்கு எரிகிற வண்டிக்கும் விளக்கில்லாத கேஸ். எங்கள் ஆட்கள் எதிர்த்துக் கேட்டார்களா? அந்த ரோஷமெல்லாம் எங்களுக்கு ஏது? கோயில் மண்டகப்படிக்கு முறை வைப்பதுபோல இதற்கும் முறை வைத்தார்கள். ஏட்டு வந்து, "இந்த வாட்டி யாருப்பா?" என்பார். முறைக்காரன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவான். கோர்ட்டில் எதைக் கேட்டாலும் "ஆமாங்க சாமி" என்று சொல்லிவிட வேண்டும். அபராதத்தை எல்லோருமாகப் போட்டுக் கட்டிவிடுவோம். பொழுது சாய்வதற்குள் ஆள் வீடு வந்து சேர்ந்துவிடுவான். இதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு பேசிக்கொள்வார்கள்.

அண்ணன் முறை வந்தபோது நசரத்பேட்டையில் ஒரு பெரிய மனிதரின் தோப்பில் தேங்காய் திருடுபோயிருந்தது. அவர் ஸ்டேஷனுக்கு ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். திருடனைப் பிடிக்க வேண்டுமானால் ஏட்டு தொந்தியைத் தூக்கிக்கொண்டு நாலு இடம் நடக்க வேண்டும். அதைவிட, எதற்கும் ஆமாம் சொல்கிற ஒருவன் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு தானாகவே வருகிறானே, அது சுலபமில்லையா?

எங்கள் கோர்ட்டில் இரண்டு கௌரவ மாஜிஸ்திரேட்டுகள். ஒருவர் நெல் மண்டிக்காரர், மற்றவர் மிராசுதார். சட்டம் படித்தவர்கள் அல்ல, சம்பளமும் கிடையாது; ஆளைப் பார்த்து ஊரார் எழுந்து நிற்க வேண்டும், அதற்காகவே வாங்கிய பதவி. ஒருவர் வெற்றிலை மெல்லுவார், மற்றவர் தூங்குவார். குமாஸ்தா கேஸை முணுமுணுவென்று படித்தான். வாசலில் நின்ற என் காதில் "தேங்காய்" என்ற ஒரு சொல் மட்டும் விழுந்தது. விளக்குக் கேசில் தேங்காய் எங்கே வந்தது?

"ண்ணா, ஆமான்னு சொல்லாதே!" என்று கத்தினேன். சேவகன் என் வாயைப் பொத்தி வெளியே தள்ளினான். உள்ளே அண்ணன் கும்பிட்டபடி, "ஆமாங்க சாமி" என்றார்.

திருட்டுக் குற்றத்துக்கு இரண்டு மாதம் கடுங்காவல். விலங்கு மாட்டும்போதுகூட அவருக்கு விளங்கவில்லை. "மாட்டுக்குத் தண்ணி காட்டு. நான் சாயங்காலம் வந்துர்றேன்" என்றார் என்னிடம். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

வக்கீலிடம் ஓடினேன். "குற்றத்தை அவனே ஒப்புக்கிட்டானே, அப்புறம் அப்பீல் ஏது? வேணும்னா தண்டனையைக் குறைக்கச் சொல்லிப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, அதற்கும் பீஸ் வாங்கிக்கொண்டார். ஒரு நாள்கூடக் குறையவில்லை.

ஜெயில் என்பது ஆளைத் திருத்துவதற்கு என்கிறார்கள். அண்ணன் கல்லுடைத்து, களி தின்று, மொட்டைத் தலையோடு திரும்பினார். அவரிடம் ஒரு மனிதனிடம் பேசுவதுபோலப் பேசியது உள்ளே இருந்த ஒரு நிஜத் திருடன்தானாம். "ஒம்மேல இன்னா கேஸுன்னு கேக்கவே இல்லியா நீ?" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டானாம். வெளியே வந்த பிறகு போலீசார் அவரைக் கேடிகள் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். எங்கே கோழி காணாமல் போனாலும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அண்ணி தண்ணீர் எடுக்கப் போனால் மற்ற பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏட்டு வெட்கமில்லாமல் மறுபடி வந்து, "இந்த வாட்டி யாருப்பா?" என்றார். எங்கள் வண்டிக்காரர்களின் யோக்கியதையைக் கேளுங்கள். கூட்டத்தில் மூத்தவர் தாடியைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அவன் போய்ட்டு வந்தது தேங்கா கேஸு. வெளக்கு கேஸு முறை அப்டியேதான கீது?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். "நீங்கெல்லாம் சோறு திங்கிற மனுசங்களாடா?" என்று நான் பாய்ந்தேன். அண்ணன் என்னைப் பேச விடவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

கோர்ட்டில் அதே குமாஸ்தா, அதே முணுமுணுப்பு. "ஒத்துக்கிறியா?" என்றார் மண்டிக்காரர். அண்ணன் கும்பிட்ட கையை இறக்காமல், "இன்னா கேஸுங்க சாமி?" என்று கேட்டார்.

தூங்கிக்கொண்டிருந்த மிராசுதார் விழித்துக்கொண்டார். கேஸ் என்னவென்று அவருக்கும் தெரியாது. "திருட்டுப் பயலுக்குக் கேள்வி வேறயா?" என்று சீறி அபராதத்தை இரட்டிப்பாக்கினார்.

திரும்பும் வழியெல்லாம் வண்டிக்காரர்கள் அண்ணனைத் திட்டித் தீர்த்தார்கள். "நீ வாயத் தொறந்தே, எல்லாருக்கும் தண்டம்!"

"நான் இனிமே கேட்டுகினுதான் இருப்பேன். நீங்களும் கேளுங்க" என்றார் அண்ணன். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த தடவை மூத்தவரின் முறை. கேட்பாரா பார்க்கலாம் என்று அண்ணனும் நானும் கோர்ட்டு வாசலில் போய் நின்றோம். குமாஸ்தா முணுமுணுத்தான். அது விளக்கா, தேங்காயா, கொலையா, யாருக்கும் கேட்கவில்லை.

"ஆமாங்க சாமி" என்றார் மூத்தவர்.