மொட்டைத் தலையோடு ஒரு திங்கட்கிழமை

நான் விழுந்து விழுந்து பார்த்த ஜப்பானியக் காதல் அனிமே கார்ட்டூனில், முடியால் முகத்தை மறைத்துக்கொண்டு மூலையில் படம் வரையும் ஒரு பெண் வருவாள். ஒருநாள் நெற்றி முடியை வெட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைவாள். எல்லாரும் வாயடைத்துப் போவார்கள். அவள் நான்தான் என்று நம்பினேன். கல்லூரியில் என் முன் பெஞ்சுக்காரனின் பிடரியை நோட்டெல்லாம் வரைந்து வைத்திருந்தேன்.

அப்போதுதான் அம்மா குண்டைப் போட்டாள். "நைனாக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா உனுக்கு மொட்ட போடறன்னு வேண்டிக்கினேன்டி."

பிழைத்து வந்த அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எப்படி மறுப்பது? திருத்தணி மலையில் என் முடி போனது. ஞாயிறு முழுக்க, காய்ச்சல் வரவேண்டும் என்று அதே முருகனிடம் கெஞ்சினேன். வரவில்லை.

திங்கட்கிழமை துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு போனேன். விலங்கியல் மேடம் என்னை இதயத்தின் படத்தைப் போர்டில் வரையச் சொன்னார். பாதியில் துப்பட்டா நழுவியது. பின்னால் சிரிப்பு கிளம்பியது. திரும்பப் பயந்து வரைந்துகொண்டே இருந்தேன்; இதயத்தில் இல்லாத குழாய்களைக்கூட வரைந்தேன். சாக்பீஸ் தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் திரும்பினேன்.

இடத்துக்குப் போகும்போது முன் பெஞ்சுக்காரன் சொன்னான்: "இன்னிக்கிதான் உன் மூஞ்சியே தெரியுது. இத்தினி நாளா முடிக்குள்ளயே உக்காந்துகினு இருந்த."

வழக்கம்போலக் குனிந்தேன். முன்னால் வந்து விழ முடி இல்லை. அதனால் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.

அவன் மூக்கில் ஒரு மச்சம் இருந்தது. அத்தனை படம் வரைந்தவளுக்கு, அது அன்றுதான் தெரிந்தது.