பின்னாலிருந்து முன்னால்

விமானத்தில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. அது தரையை விட்டு ஒரு அங்குலம்கூட எழும்பாத விமானம் என்று சொன்ன பிறகுதான் நம்புகிறார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. மலையாள ஊரில், சாலை என்று பெயருள்ள கடைத்தெருவில் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் சீட் தைக்கிற கடை எங்களுடையது. எங்களுடையது என்று பழக்கத்தில் வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் போய் அப்போதே நாலு வருஷம். பிள்ளை இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைதான் வீடு. நாகர்கோவிலில் கூடப்பிறந்தவர்கள் இருந்தார்கள். தீபாவளிக்குக் கூப்பிடுவார்கள், போனால் மூன்றாம் நாள் காலையில் காப்பியைக் கையில் கொடுத்து "என்னைக்கு மக்கா கிளம்புத?" என்று கேட்பார்கள். எனக்கு ரோஷம் அதிகம். அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன்.

பகலில் என் வாய் ஓயாது. "எந்தா சேச்சி, ஆயில்லே?" என்று, வேலை முடியலையா எனக் கேட்டு வந்து நிற்கிற டிரைவர்களோடு மலையாளத்தில் சண்டை போடுவேன், ரெக்சின் கடைக்காரரோடு தமிழில். அதையெல்லாம் பேச்சில் சேர்க்க முடியுமா? கடையைச் சாத்தினால் மறுநாள் திறக்கிற வரைக்கும் என் குரலை நானே கேட்க மாட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, வெள்ளை முழுக்கைச் சட்டை. விமானப்படையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையாளி. தாம்பரத்தில் நெடுநாள் இருந்ததால் தமிழ் பேசினார், அவருக்குத் தெரிந்த தமிழ். கழக்கூட்டத்துக்கு அப்பால் ஒரு எஞ்சினியரிங் கல்லூரி, ஏலத்தில் போன பழைய பயிற்சி விமானம் ஒன்றை வாங்கி வைத்திருந்தது. அதைப் பழையபடி ஆக்கி, மாணவர்கள் ஏறி உட்கார்ந்து பார்க்கிற மாதிரி செய்து கொடுக்கிற பொறுப்பு அவருக்கு. ஓட்டுகிறவன் உட்காரும் முன் இருக்கையை முடித்துவிட்டார். பின்னால் ஒரு இருக்கை, துப்பாக்கி சுடப் பழகுகிறவனுக்கு. அங்கேதான் துணி வேலை.

"துணியெல்லாம் எலி தின்னு போயி, சேச்சி. ஒண்ணும் பாக்கி இல்லா" என்றார்.

என்னைவிட ஏழெட்டு வயது மூத்த மனுஷன் என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்கிறாரே என்று எரிச்சல். அந்த ஊர் மரியாதை அப்படி. நான் பதிலுக்கு சார் என்றேன்.

வாரத்தில் மூன்று நாள் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிக் கழக்கூட்டம் போனேன். கல்லூரி ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே விமானம். நான் நினைத்ததைவிடச் சின்னது. பின் இருக்கை என்பது சுழலும் ஒரு முக்காலி. அதைச் சுற்றி மார்பளவு உயரத்தில் ஒரு இரும்பு வளையம். அந்த வளையத்தின்மேல் துப்பாக்கி எந்தப் பக்கமும் நகரும். இப்போது அதில் இருந்தது மரத்தில் செய்து கறுப்படித்த துப்பாக்கி. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு கீழே சிதறாமல் விழுவதற்கு ஒரு கான்வாஸ் பை வேண்டும். சுடுகிறவன் எழுந்து நிற்கும்போது வெளியே போய் விழாதபடி இடுப்புக்கும் தோளுக்கும் வார் வேண்டும். முக்காலிக்கு மெத்தை வேண்டும். இதெல்லாம் என் வேலை.

வாரை முதலில் முடித்தேன். நாலு பக்கிள், இரட்டைத் தையல், என் கையில் அப்படி ஒரு தையல் விழுந்து ரொம்ப நாளாகியிருந்தது. பெருமையாகக் கொண்டுபோய் மாட்டினால் ஒன்றும் சேரவில்லை. வலது இடதாகவும் இடது வலதாகவும் இழுத்துக்கொண்டு நின்றது. அவர் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

"இது திரிஞ்சு போச்சு, சேச்சி. கன்னர், சுடுறவன், பின்னாடி பாத்தல்லே இருப்பான்."

"மொதல்லயே சொல்லப்படாதா சார்? வண்டியில ஏறுனவன் முன்னால பாப்பான்னுதான நான் நெனப்பேன். அவன் எதுக்குப் பின்னால பாக்கணும்?"

"எதிரி பின்னாடி அல்லே வருவான்."

"அப்போ ஓட்டுறவரு மூஞ்சியை அவன் பாக்கவே மாட்டானா?"

"கீழ இறங்குற வரைக்கும் பாக்க மாட்டான்."

முழுக்கப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். வாய்க்கு வந்தபடி முணுமுணுத்தேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். இன்னும் நாலு தடவை வரலாமே.

அந்தக் கொட்டகையிலும் பேச்சு கிடையாது. அவர் வளையத்துக்கு கிரீஸ் போடுவார், நான் ஊசி குத்துவேன். மத்தியானம் அவர் ஒரு பக்கம் பொதிச்சோற்றைப் பிரிப்பார், நான் ஒரு பக்கம் என் தூக்குவாளியைத் திறப்பேன். "மழை வரும்போல இருக்கு" என்பார். "ஆமா சார்" என்பேன். அவ்வளவுதான் பகல்.

அதற்குப் பிறகுதான் குழாய் வேலை வந்தது. முன்னால் இருக்கிறவனும் பின்னால் இருக்கிறவனும் பேசிக்கொள்ள ரப்பர் குழாய். போக ஒன்று, வர ஒன்று. ஒரு முனையில் புனல் மாதிரி வாய், மறுமுனை தோல் தொப்பியில் காதோடு சேரும். தொப்பி தைத்தது நான். முன்னாலிருந்து பின்னால் வருகிற குழாய் ஓரளவு பிழைத்துக் கிடந்தது, ஆனால் இணைப்புகளில் காற்று கசிந்தது. மற்றது பொடிந்தே போயிருந்தது.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார். அவர் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். நான் பின்னால் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாக விரலால் அமுக்க வேண்டும். எங்கே அமுக்கும்போது குரல் கூடுகிறதோ அங்கே கசிவு. என் பக்கத்திலிருந்து பேச வழியில்லை. கத்திரிக்கோலால் இரும்பில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்துவார்.

முதலில் எண்ணினார். ஒண்ணு, ரண்டு, மூணு. நூறு வந்ததும் திரும்ப ஒண்ணு. எனக்குக் கொட்டாவி வந்தது. தொப்பியைக் கழற்றி எட்டிக் கத்தினேன்: "எண்ணிக்கை கேட்டா தூக்கம் வருது சார். மனுசப் பேச்சு ஏதாவது பேசுங்க."

தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். பிறகு காதுக்குள் அந்தக் குரல் வந்தது. மெதுவாக, பக்கத்தில்.

வீட்டுக்காரி போய் ஆறு வருஷம் ஆகிறது என்றார். மகள் பம்பாயில். மீன்காரி நாலு மத்தி மட்டும் தரமாட்டாள், பத்து எடு என்பாள், எடுத்துவிட்டு ஆறைப் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போடுவாராம். காய்ச்சலில் மூன்று நாள் கிடந்ததைச் சொன்னார். "நாலாம் நாள் பால்காரன் கேட்டான், சார் ஊருக்குப் போயிருந்தோன்னு. ஆமான்னு சொல்லிட்டேன்." கண்முன்னால் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன், முதுகைக் காட்டிக்கொண்டு இவ்வளவும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குழாயை அமுக்கிக்கொண்டே அழுதேன். நானும் அதே மாதிரி காய்ச்சலில் கிடந்தவள்தான், கடை பூட்டிக் கிடக்கிறதே என்று கேட்க ஒரு பால்காரன்கூட எனக்கு வரவில்லை. அதைச் சொல்ல எனக்குக் குழாய் இல்லை. ஒரு தட்டு தட்டினேன்.

கடைசிக் கசிவு மூன்றாம் நாளே கிடைத்துவிட்டது, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கட்டுக்கம்பி போட்டு முறுக்கிவிட்டேன், குரல் மணி மாதிரி கேட்டது. "ஆச்சா சேச்சி?" என்று எட்டிக் கேட்டார். "இன்னும் இல்ல சார், எங்கயோ போகுது" என்றேன். தொழிலில் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. இன்னும் ஐந்து நாள் அவர் பேசினார், நான் விரலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

அதற்குமேல் இழுக்க முடியவில்லை. இனி பின்னாலிருந்து முன்னால் போகிற குழாய் ஒன்றுதான் பாக்கி. சாலையில் கடைகடையாக ஏறி நானே ரப்பர் பார்த்து வாங்கிக்கொண்டு போனேன். அது முடிந்தால் எல்லாம் முடிந்தது. அவர் கழக்கூட்டத்தில், நான் சாலையில். என்னைத் தேடிக்கொண்டு வர அவருக்கு ஒரு காரணமும் இருக்காது, எனக்கும் இருக்காது. நாற்பத்து மூன்று வயதில் இந்த நினைப்பு எதற்கு என்று என்னையே வைதுகொண்டேன். கல்யாணம் வரைக்கும் நினைத்தாயா என்று கேட்டால், நினைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு அந்தக் குரல் வேண்டும். முகத்துக்கு நேரே கேட்க வாய் வராது. குழாயில் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரி தள்ளி உட்கார்ந்தாள்.

கடைசி நாள். வாரையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று நாலு பக்கிளையும் மாட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் விமானத்தின் வால், அதற்கப்பால் கொட்டகை வாசல், வெயில். முதுகுக்குப் பின்னால் அவர்.

"எனக்குக் கேக்குதான்னு பாக்கணும்" என்று காதுக்குள் சொன்னார். "இனி நீங்க பேசுங்க, சேச்சி. என்ன வேணும்னாலும் பேசலாம்."

பேசினேன்.

"சார், ஞாயித்துக்கெழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்க. அந்த ஒரு நாளைக்குன்னு சொல்லல. நீங்களும் தனியா இருக்கீங்க, நானும் தனியா இருக்கேன். ஒருத்தருக்கொருத்தர் பேச்சுத் துணையா இருந்திரலாம். நான் சொல்றது வெளங்குதா சார்?"

காதில் ஒன்றும் வரவில்லை. தொப்பியை இறுக்கி அமுக்கிக்கொண்டேன். அவருடைய மூச்சு கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

குழாய் அடைத்திருக்கும் என்று நினைத்தேன். புது ரப்பர், உள்ளே தூசி இருந்திருக்கும், ஒரு வார்த்தையும் போயிருக்காது. அப்படி நினைத்ததும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? கழற்றி ஊதிவிட்டு, இரண்டாம் தடவை வேறு எதையாவது பேசிவிடலாம். மழையைப் பற்றிப் பேசலாம்.

திரும்பிப் பார்க்கலாம் என்றால் வார் விடவில்லை. நாலு பக்கிளையும் கழற்றி இறங்குவதற்குள் அவர் கீழே மேசைப் பக்கம் நின்று எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வேலை முடிந்தால் ஒரு தாளில் எழுதி, செய்தவரும் சோதித்தவரும் கையெழுத்துப் போடுவது அவருடைய விமானப்படைப் பழக்கம்.

"கேட்டுதா சார்?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். இங்கிலீஷில் எழுதியிருந்தது. எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். முன்னாலிருந்து பின்னால்: நன்றாகக் கேட்கிறது. பின்னாலிருந்து முன்னால்: ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து, மை காயாமல். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"இவிடே ஒரு ஒப்பு, சேச்சி" என்று கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்.

வாங்கி, தமிழில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.