ஆலமரத்தில் ஒரு மூட்டை

எனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று போன செவ்வாய்க்கிழமை காலையில் முழுசாக நம்பினேன். சிரிக்காதீர்கள். இதே பக்கத்தில் தாயத்து, ஜோசியம், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் கிண்டலடித்த அதே ஆசாமிதான்.

சென்னைப் புறநகர் நூம்பலில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு இன்னும் வெளிப்பூச்சு ஆகவில்லை. வாசலுக்கு நேர் எதிரே ஓர் ஆலமரம். பல் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், கிளையில் ஒரு மூட்டை தொங்குகிறது. வைக்கோல் சுற்றி, மேலே பழைய சாக்கு போட்டு, கயிற்றால் கட்டி... அடியில் சிவப்பாகச் சொட்டுகிறது. ஈ மொய்க்கிறது. கீழே ஒரு நாய், ரேஷன் கடை க்யூவில் நிற்பவரின் பொறுமையோடு அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது.

பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன்.

யார் வேலை இது? யோசிக்கவே வேண்டாம். எதிர்வீட்டு பாக்கியம். ஒற்றை மாட்டை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவர். கொடியில் காய்ந்த என் வேட்டியில் பாதியை அந்த மாடு தின்றுவிட்டதென்று முந்தின வாரம்தான் தெருவில் நின்று கத்தியிருந்தேன். வேட்டியில் பாதி போயிற்று. இப்போது ஆளே போகப்போகிறேன்!

மனைவி தைரியம் சொல்வாள் என்று பார்த்தால், ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் சட்டைப் பையில் திணித்தாள். மூட்டையை இறக்கி எரித்துவிடுவதென்று முடிவாயிற்று. ஒட்டடைக் கம்புடன் கிளம்பினேன். தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். ஆவி எந்த வழியாக உள்ளே போகும் என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு குத்துதான். முடிச்சு தளர்ந்து மூட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாய் எழுந்து நின்றது.

"இன்னா சார், ஆலமரத்துல மாங்கா அடிக்கிறியா?"

பாக்கியம். யாருக்கு வைத்த சூனியம் இது என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அதட்டினேன். குரல் கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது.

"சூனியமா? எங்க மாடு வெடிகாலைல கன்னு போட்ச்சி சார். அதோட நஞ்சுக்கொடி இது. பால் வடியுற மரத்துல கட்னாதான் மடி ரொம்பும். நாய் வாய்ல பூட்ச்சின்னா அவ்ளோதான். போன ஈத்துல கன்னும் தங்கல, பாலும் இல்ல. இத்த நம்பித்தான் கீறேன்."

சொல்லி முடிக்கவில்லை... மூட்டை விழுந்தது. நேராக என் கைகளில்.

"உட்றாத சார். தூக்கிப் புடி."

தூக்கிப் பிடித்தேன். கொழகொழவென்று... வேண்டாம், நீங்கள் காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள். நாய் துள்ள, நான் மரத்தைச் சுற்றி ஓட, பாக்கியம் நாயைத் துரத்த — தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் ஸ்கூட்டர் சீட்டில் ஏறி நின்று நானே அதைக் கட்டினேன். மரத்தில் கட்டினால் பால் சுரக்குமா என்ற என் வழக்கமான கேள்வியை அந்த நேரத்தில் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கூட ஒரு முடிச்சும் போட்டேன்.

மாம்பலத்துப் பால் பூத்தில் டோக்கனோடு நின்றே வளர்ந்தவன் நான். பாலுக்கு முன்னால் ஒரு பிரசவம் இருக்கிறது என்று டோக்கனில் போட்டிருக்கவில்லையே! மாட்டை விடுங்கள். என் பிள்ளைகள் பிறந்தபோதும் வார்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். குட்டி போடுகிற ஜாதியில் பிறந்து, நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் ஒரு நஞ்சுக்கொடியை நேரில் பார்க்கிறேன். அதுவும் பேய் என்று நினைத்து!

சாயங்காலம் பாக்கியம் ஒரு கிண்ணம் சீம்பால் கொண்டுவந்தார். வெல்லம் போட்டுக் காய்ச்சியது. மடி நிறைந்திருக்கிறதாம்.

"வேட்டிக்கும் இதுக்கும் சரியாப் பூட்ச்சி சார்" என்றார்.

சட்டைப் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை இரவு ரசத்தில் பிழிந்துவிட்டோம்.

நடந்தது இவ்வளவுதான்: எதிர்வீட்டு மாடு கன்று போட்டது.